அலங்காநல்லூர்க்காரி

எங்கள் ஊர் டீக்கடையில் என்னை அலங்காநல்லூர்க்காரர் என்கிறார்கள். நேரில் சொல்வதில்லை. டீயை வாங்கிக்கொண்டு நான் நாலடி நகர்ந்த பிறகு சொல்கிறார்கள். எனக்குக் கண்தான் மங்கியிருக்கிறது, காது மங்கவில்லை.

நான் பிறந்தது இந்த ஊரில். என் அப்பா, அவருடைய அப்பா எல்லாரும் பிறந்தது இங்கேதான். அவனியாபுரத்துக்குத் தெற்கே, இறங்குகிற விமானத்தின் சக்கரங்களை எண்ணிவிடலாம் என்கிற தூரத்தில் எங்கள் ஊர் இருக்கிறது. அலங்காநல்லூர் மதுரைக்கு வடக்கே. அங்கே நான் என் ஆயுளில் மூன்று முறை போயிருக்கிறேன். இரண்டு கல்யாணம், ஒரு துக்கம். உத்தியோக நிமித்தம் போனதைச் சேர்க்கவில்லை. அப்படிச் சேர்த்தால் மேலூர், உசிலம்பட்டி எல்லாவற்றுக்கும் நான் சொந்தக்காரனாக வேண்டியிருக்கும்.

இந்தப் பட்டத்தை எனக்கு வாங்கிக் கொடுத்தவள் ஒருத்தி. அவள் இப்போது இங்கே இல்லை. மகனுக்குத் திருப்பூரில் வேலை கிடைத்து, வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுக் குடும்பத்தோடு போய்விட்டார்கள். போனவள் தன் பெயரை என் தலையில் இறக்கி வைத்துவிட்டுப் போனாள். அலங்காநல்லூர்க்காரி என்பது முதலில் அவள் பெயர்.

எங்கள் ஊரில் வாக்கப்பட்டு வருகிற பெண்ணைப் பிறந்த ஊரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். மேலூர்க்காரி, விருதுநகர்க்காரி, திருமங்கலத்துக்காரி. ஒரு பிள்ளையைப் பெற்று அது தெருவில் ஓட ஆரம்பித்ததும், இன்னாருடைய அம்மா என்று மாறிவிடும். அவளுக்கு மட்டும் மாறவில்லை. பையன் பிறந்தான், ஓடினான், மீசை முளைத்து வேலைக்கும் போனான். அவள் அலங்காநல்லூர்க்காரியாகவே இருந்தாள். காரணம் அவள் வாய். அந்த வாயைக் கேட்டவர்களுக்கு, இது நம் ஊரில் உண்டான பொருள் அல்ல என்று சொல்லிக்கொள்வதில் ஒரு நிம்மதி இருந்தது. ரேஷன் கார்டில் அவளுக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். நான் கேட்டதில்லை.

சரியாகச் சொன்னால் அவள் அலங்காநல்லூரும் அல்ல. அதற்கும் வடக்கே, கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே இருக்கிற ஒரு சின்ன ஊர். அதன் பெயரை இங்கே யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. பக்கத்துப் பெரிய ஊர்ப் பெயரைச் சூட்டிவிட்டார்கள். எதையும் தோராயமாகவே செய்து பழகிய ஊர் இது.

அவள் எங்களை முறை சொல்லி அழைக்கவில்லை என்பது என் முதல் புகார். வாக்கப்பட்டு வந்தவள், புருஷனுக்கு மூத்தவனை மச்சான் என்பாள், இளையவனைக் கொழுந்தனாரே என்பாள். அதுதான் மரியாதை. அவள் புருஷன் என்னை அண்ணே என்று கூப்பிடுகிறவன், அதனால் அவளுக்கு நான் மச்சான். ஆனால் அவள் எல்லாரையும் அண்ணே என்றும் தம்பி என்றும்தான் கூப்பிட்டாள், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரனைக் கூப்பிடுவதுபோல. பிறந்த ஊர்க்காரனைத்தான் ஒரு பெண் அண்ணே என்று கூப்பிடுவாள். நான் அவளுக்கு எந்த ஊரில் அண்ணன்?

இனி கிரிக்கெட்டுக்கு வருகிறேன். என் புகார்கள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன.

கோடையில் எங்கள் கண்மாய் வற்றியதும் பையன்கள் சீமைக்கருவேலத்தை வெட்டி ஒதுக்கி, நடுவில் தண்ணீர் தெளித்து உருளை ஓட்டி, டென்னிஸ் பந்துப் போட்டி நடத்துவார்கள். பதினாறு ஊர் அணிகள். ஒரு அணிக்குப் பத்து ஓவர். ஞாயிற்றுக்கிழமைகளில் காலையிலேயே மைக்செட் பாட ஆரம்பித்துவிடும். ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வேறு போக்கிடம் இல்லை. நான் வேலை பார்த்தது எடையளவு முத்திரைத் துறையில். கடைக்காரன் படிக்கல்லில் எவ்வளவு குறைக்கிறான், லிட்டரில் எவ்வளவு திருடுகிறான் என்று பார்த்தே முடி நரைத்தது. ஊரில் எனக்குத் தராசு சார் என்று பெயர். மரியாதையான பெயர். எண்ணாமல் எதையும் பார்க்க எனக்கு வராது. கட்டைவிரலை மற்ற விரல்களின் கணுவில் வைத்து எண்ணுவேன். சுண்டுவிரலில் மூன்று கணு, மோதிரவிரலில் மூன்று கணு, ஒரு ஓவர் முடிந்தது. எங்கள் அம்பயர் ஆறு ஜல்லிக்கல்லை வலது பைக்குள் போட்டுக்கொண்டு, பந்துக்கு ஒன்றாக இடது பைக்கு மாற்றுவான். அதுவும் சரியான முறைதான், மாற்றுகிறவன் கவனமாக இருந்தால்.

அம்பயர்கள் இரண்டு பேரும் எங்கள் ஊர். போட்டி நடத்துகிற ஊர்தான் அம்பயர் கொடுக்கும், எல்லா ஊரிலும் அதுதான் வழக்கம். நாங்கள் அவர்கள் ஊருக்குப் போனால் அவர்கள் அம்பயர். ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் அநியாயம் வருஷக் கடைசியில் சரியாகிவிடும் என்பது ஏற்பாடு. அதேபோல் எங்கள் மைதானத்துக்கென்று இரண்டு விதிகள் உண்டு. விமானம் தாழ்ந்து வந்தால் ஆட்டம் நிற்கும். ஓடு என்றாலும் நில் என்றாலும் அந்தச் சத்தத்தில் கேட்காது, இரண்டு பேரும் ஒரே பக்கம் ஓடிவிடுவார்கள். இன்னொன்று, எல்லைக்காகப் போட்ட சுண்ணாம்புக் கோட்டுக்குள் ஆடு, நாய், ஆள் எதன்மேல் பந்து பட்டாலும் இரண்டு ரன், அதோடு சரி.

அந்த இரண்டாவது விதி பிறந்ததே அவளால்தான்.

கரையிலிருந்து அவள் இறங்கி வருவதைப் பார்த்தாலே என் ஞாயிற்றுக்கிழமை கெட்டுவிடும். இடுப்பில் ஒரு நீல பிளாஸ்டிக் ஸ்டூல், தோளில் துண்டு, கையில் வெள்ளரிப் பிஞ்சும் மிளகாய்ப்பொடியும் போட்ட பை. பெண்கள் உட்காருகிற வேப்பமரத்தடிக்குப் போகமாட்டாள். விக்கெட் கீப்பருக்குப் பின்னால், வெயிலில், கோட்டின் மேலேயே ஸ்டூலைப் போட்டு உட்காருவாள். கால் இரண்டும் கோட்டுக்கு உள்ளே இருக்கும். தள்ளி உட்காரச் சொன்னால், "கோடுதான்டா கோணல். சுண்ணாம்பைத் தள்ளிப் போடு" என்பாள். ஒரு தடவை எங்கள் பையன் அடித்த நாலு அவள் கணுக்காலில் பட்டு நின்றுவிட்டது. கால் தானாகப் பட்டதா, நீட்டினாளா என்பதில் ஊரில் இரண்டு கட்சி உண்டு. நான் நீட்டினாள் கட்சி.

உட்கார்ந்ததும் ஆரம்பிப்பாள். அவள் கத்துவது எப்போதும் வெளியூருக்காக. எந்த ஊர் என்று பார்ப்பதில்லை. எங்களை எதிர்த்து ஆட வந்திருந்தால் போதும்.

"தம்பி, பயப்படாம அடி! எங்க ஊர்ப் பயலுக பந்திக்குத்தான் முந்துவானுக, பந்துக்கு இல்ல!"

எங்கள் ஊரில் வேகமாகப் பந்து போடுகிறவன் ஒருவன் நீளமாக ஓடி வருவான். "ஏன்டா, ஓடியாரதைப் பாத்தா பஸ்ஸைப் புடிக்கப் போறவன் மாதிரி இருக்கே! பஸ்ஸு போயிருச்சுடா, நின்னு போடு!" என்பாள். அவன் அடுத்த பந்தை அகலமாகப் போடுவான். எங்கள் ஆள் ரன் அவுட் ஆகி, அம்பயர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றால், "அம்பயர் தம்பி, வெரலுக்கு என்ன, சுளுக்கா? வெளக்கெண்ணெய் தரவா?" என்பாள். மைதானமே சிரிக்கும். எங்கள் ஊர்க்காரர்களும் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு அவளைத் திட்டுவார்கள்.

கெட்ட வார்த்தை ஒன்றுகூட வராது, அதைச் சொல்லிவிட வேண்டும். வந்திருந்தால் கமிட்டிக்காரர்கள் அதைக் காட்டியாவது அவளை விரட்டியிருப்பார்கள்.

அவள் மகன் எங்கள் அணியில் ஆடினான். அவனியாபுரத்தில் அவன் அப்பா நடத்துகிற வெல்டிங் பட்டறையில்தான் அப்போது வேலை. அமைதியான பையன். அந்த வீட்டில் பேச்சு முழுவதையும் ஒருத்தியே எடுத்துக்கொண்டதால் மற்ற இரண்டு பேருக்கும் மிச்சமில்லை என்று நினைக்கிறேன். ஒருமுறை உயரமாக எழும்பிய பந்துக்கு அவன் கீழே போய் நின்றான். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. கையில் விழுந்து நழுவியது. அப்போது ஒரே ஒருத்தி கை தட்டினாள்.

"நல்லா விட்டடா!"

"மாப்ள, ஒங்கம்மாவை வீட்ல கட்டிப் போட்டுட்டு வாடா" என்றான் ஒருவன். பையன் பந்தை எடுத்து எறிந்தான். அவன் தோள் இறங்கியதை நான் பார்த்தேன். பெற்றவள் பார்க்கவில்லையா? பார்த்திருப்பாள். மிளகாய்ப்பொடி தொட்டு வெள்ளரிப் பிஞ்சைக் கடித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கடிக்கிற சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

கடைசியாக அவள் பார்த்த அந்த வருஷத்துப் போட்டியில், அரையிறுதியின்போது எனக்கும் அவளுக்கும் நேரடியாகவே சண்டை வந்துவிட்டது. எங்கள் ஆட்களுக்கு வேப்பமரத்தடியில் ஐஸ் போட்ட தண்ணீர் கேன் இருக்கும். வெளியூர்க்காரர்களுக்கு வெயிலில் ஒரு டிரம். வேண்டுமென்று செய்வதல்ல, நிழல் அவ்வளவுதான் இருக்கிறது. அவள் எழுந்து வந்து, எங்கள் கேனைச் சாய்த்து உருட்டியபடியே வெளியூர்ப் பையன்களிடம் கொண்டுபோனாள். யாரும் தடுக்கவில்லை. நான்தான் போய் மறித்தேன்.

"இந்தா, யார் வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு யாருக்கு ஊழியம் பாக்குற?"

"எங்க வீட்டுச் சோறு நான் பொங்குனதுண்ணே. ஊரு பொங்கிப் போடல."

"நீயும் இந்த ஊர்க்காரிதானே?"

அவள் கேனை நிமிர்த்தி வைத்தாள். "அப்படியா? என்னைய என்னன்னு கூப்பிடுறீக? சொல்லுங்க, கேப்போம்."

அவளே சொன்னாள்.

"அலங்காநல்லூர்க்காரி. தண்ணி லாரிகிட்டயும் அதான், கோயில் பொங்கலுக்குப் போனாலும் அதான். இருபத்தேழு வருசமாச்சு. வெளியூர்க்காரின்னு பேரு வச்சதும் நீங்கதான், வெளியூருக்குக் கத்துனா வலிக்குதுங்கிறதும் நீங்கதான்."

"இருபத்தாறு" என்றேன்.

"என்னது?"

"இருபத்தேழு இல்ல. என் தங்கச்சி கல்யாணத்துக்கு அடுத்த ஆவணியில நீ வந்த. வர்ற ஆவணிக்குத்தான் இருபத்தேழு."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். "யப்பா! தப்புக் கணக்கைக் கேட்டா ஒங்களால ஒரு நிமிசம் சும்மா இருக்க முடியாது, என்னண்ணே?" என்று சொல்லிவிட்டுக் கேனை உருட்டிக்கொண்டு போனாள். நான் அவளை மடக்கிவிட்டதாக நினைத்துத் திரும்பி வந்தேன்.

அந்த அரையிறுதியில் எங்கள் ஊர் ஜெயித்தது. இறுதிப் போட்டிக்கு எதிரே வந்தது வடக்கே இருந்து வந்த புது அணி. சீட்டுக் குலுக்கிப் போட்ட நாளிலிருந்து யாரும் அது எந்த ஊர் என்று நினைத்துப் பார்க்கவில்லை. அவள் பிறந்த ஊர்.

சும்மா வருகிறவனுக்கே அப்படிக் கத்துகிறவள், சொந்த ஊருக்கு என்ன செய்வாள்? சனிக்கிழமை சாயங்காலம் கமிட்டிக்காரர்கள் நாலு பேர் அவள் புருஷனின் பட்டறைக்குப் போய்ப் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. மறுநாள் காலையில் என் எதிர் வீடான அவர்கள் வீட்டு வாசலில் அவன் போட்ட சத்தத்தைத் தெருவே கேட்டது. அவ்வளவு சத்தமாக அவன் பேசி நான் கேட்டதில்லை.

"இன்னிக்கு மட்டும் ஒஞ்சத்தம் கிரவுண்டுல கேட்டுச்சு, அவனுக வந்த வேன்லயே ஏறிப் போயிரணும். இந்தக் கதவு திறக்காது. ஆமா!"

அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். "சரி" என்றாள்.

அந்த ஒரு வார்த்தைதான். நல்லதுதான் என்று நான் நினைத்தேன். ஒருநாளாவது நிம்மதியாக மேட்ச் பார்க்கலாம்.

வேன் வந்ததும் அவள் வெள்ளரிப் பிஞ்சுப் பையோடு கிட்டே போய் நின்றாள். இறங்கியவர்கள் எல்லாரும் இளவட்டங்கள். ஒருவன் இன்னொருவனிடம் கேட்டான்.

"யாருடா இவுக?"

"தெரியலையாக்கும்? அவனியாபுரத்து அத்தைடா. இங்கன கட்டிக் குடுத்தவுக."

அவனியாபுரத்து அத்தை. நாங்கள் எப்படி அவளை வடக்கே தள்ளி வைத்திருந்தோமோ, அதேபோல் அவர்கள் தெற்கே தள்ளி வைத்திருந்தார்கள். அங்கேயும் தோராயம்தான், எங்கள் ஊர் அவனியாபுரமே அல்ல. அவள் பையை நீட்டினாள். வாங்கிக்கொண்டு, மட்டைகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். எனக்கு அப்போது ஒரு திருப்தி வந்ததை மறைப்பானேன். கேட்டாயா, எங்கள் ஊரை மட்டும் சொன்னாயே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அவள் வழக்கமான இடத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். வாயைத் திறக்கவில்லை.

எங்கள் ஊர் பத்து ஓவரில் எழுபத்து நாலு. நல்ல அடி விழுந்தது, விக்கெட்டும் விழுந்தது, அவள் எதற்கும் அசையவில்லை. மைக்கில் பேசுகிற பையன் சீண்டிப் பார்த்தான். "அலங்காநல்லூர் ரசிகர் மன்றத் தலைவி அவர்கள் இன்று மௌன விரதம் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்!" கூட்டம் விசிலடித்தது. அவள் திரும்பவே இல்லை. எங்கள் பையன்கள்தான் அடிக்கொரு தரம் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டார்கள். ஏசுகிறவள் ஏசாமலிருந்தால் அதுவும் தொந்தரவாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் அன்றைக்குத்தான் ஒரு மேட்சை முதல் பந்திலிருந்து சிந்தாமல் எண்ணினேன்.

கடைசி ஓவர். வடக்கு அணிக்கு ஒன்பது ரன் வேண்டும். பந்து போட வந்தது அவள் மகன்.

முதல் பந்தில் ஒன்று ஓடினார்கள். இரண்டாவதில் இரண்டு. மூன்றாவது மட்டையில் படவில்லை. இன்னும் ஆறு ரன். அடுத்த பந்துக்குப் பையன் ஓடி வரும்போது சென்னை விமானம் தலைக்கு மேல் இறங்கியது. மட்டைக்காரன் கையைத் தூக்கி ஒதுங்கினான். பையன் பந்தை விடாமல் கோட்டில் நின்று, திரும்பி நடந்தான். எல்லாரும் விமானத்தைப் பார்த்தார்கள். அம்பயரும் தலையைத் தூக்கிப் பார்த்தான். பார்த்துக்கொண்டே, கை பழகிய பழக்கத்தில், ஒரு ஜல்லியை வலது பையிலிருந்து இடது பைக்கு மாற்றினான்.

நான் கணு மாற்றவில்லை. பந்து போடவில்லையே.

சத்தம் அடங்கியதும் நாலாவது பந்து. இரண்டு ரன். ஐந்தாவதை மட்டைக்காரன் வீசிப் பார்த்தான், காற்றுதான் அகப்பட்டது. இன்னும் நாலு ரன் வேண்டும், ஒரு பந்து இருக்கிறது. அம்பயர் கையைத் தட்டி ஓவர் என்றான்.

மைக்கில் வெற்றி வெற்றி என்று கூவல். எவனோ சரவெடியைக் கொளுத்திவிட்டான். வடக்குப் பையன்கள் ஓடி வந்து, "அண்ணே, இன்னொரு பந்து இருக்குண்ணே" என்று அம்பயரைச் சுற்றினார்கள். அவன் இடது பையைக் கவிழ்த்து ஆறு ஜல்லியைக் காட்டினான். தோற்கிறவன் எப்போதும் ஒரு பந்து பாக்கி என்றுதான் சொல்வான், அதை யாரும் காதில் வாங்குவதில்லை.

என் கட்டைவிரல் மோதிரவிரலின் நடுக்கணுவில் நின்றது. ஐந்து. நான் எழுந்து சொல்லியிருப்பேன். சொல்வதற்கும் ஒரு நேரம் வேண்டாமா? சரவெடி வெடித்துக்கொண்டிருந்தது.

அப்போது அவள் ஸ்டூலின் மேல் ஏறி நின்றாள்.

"நாலுதான்! நாலு பந்துதான் போட்டிருக்கான்!"

"ஆரம்பிச்சிருச்சுடா" என்று கரையிலிருந்து ஒருவன் கத்தினான். அவள் புருஷன் வேப்பமரத்தடியிலிருந்து எழுந்து நின்றதைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். இன்னும் சத்தமாகக் கத்தினாள்.

"நாலு! நாலேதான்! எங்க ஊர் அம்பயருக்கு நாலுக்கும் ஆறுக்கும் வித்தியாசம் தெரியல!"

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அம்பயர் ஒன்றைக் கூட்டிச் சொல்கிறான் என்றால், இவள் ஒன்றைக் குறைத்துச் சொல்கிறாள். இத்தனை வருஷம் என் ஞாயிற்றுக்கிழமைகளைக் கெடுத்தவள், நான் சிந்தாமல் எண்ணிய ஒரே மேட்சையும் கெடுக்கிறாள். நான் எழுந்து என் சத்தமெல்லாம் சேர்த்துக் கத்தினேன்.

"நாலு இல்ல! அஞ்சு! அஞ்சு பந்து போட்டாச்சு! வாயை மூடிட்டு உக்காரு!"

சரியாக அந்த நேரத்தில் சரவெடி தீர்ந்துபோயிருந்தது. மைதானம் முழுவதும் கேட்டது.

கமிட்டித் தலைவர் மெதுவாகத் திரும்பினார். "அண்ணே, என்ன சொன்னீக? அஞ்சா?"

வடக்குப் பையன்கள் பிடித்துக்கொண்டார்கள். "ஒங்க ஊர்ப் பெரியவரே சொல்றாருல்ல! அஞ்சுன்னு அவரே சொல்றாருல்ல!"

"தராசு சாரு எண்ணுனா தப்பாதேப்பா" என்று எங்கள் ஊர்க்காரன் ஒருவனே முனகினான். பழைய மரியாதை. அந்த நேரத்திலா வர வேண்டும்? அம்பயருக்கு விமானம் ஞாபகம் வந்துவிட்டது. தலையைச் சொறிந்தான். ஆறாவது பந்து போடுவது என்று முடிவாயிற்று.

வெடிப் புகைக்குள் பையன் ஓடி வந்தான். நல்ல பந்து. மட்டைக்காரன் கண்ணை மூடிக்கொண்டு வீசினான். பந்து மட்டையின் ஓரத்தில் பட்டு, கீப்பரைத் தாண்டி, அவள் இருந்த பக்கம் உருண்டது. அதற்குள் அவள் உட்கார்ந்திருந்தாள். கால் இரண்டும் கோட்டுக்குள் இருந்தன. பந்து நேராக அந்தக் கால்களுக்குத்தான் போனது. பட்டால் இரண்டு ரன், எங்களுக்குக் கோப்பை.

துரத்திக்கொண்டு ஓடிய எங்கள் அணிப் பையன் ஒருவன், "அக்கா, காலை வையி! காலை வையி!" என்று கத்தினான்.

அவள் இரண்டு கால்களையும் தூக்கிக்கொண்டாள். வீடு பெருக்குகிறவளுக்குக் காலைத் தூக்கிக் கொடுப்பதுபோலத் தூக்கினாள். பந்து ஸ்டூலுக்குக் கீழே புகுந்து கோட்டைத் தாண்டிப் போனது.

அவள் கை தட்டவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

பிறகு நடந்ததை விவரிக்க எனக்குப் பிடிக்கவில்லை. மைக்கை அணைத்துவிட்டார்கள். அவள் புருஷன் வந்தான், ஸ்டூலைப் பிடுங்கிக்கொண்டு போய் வடக்கு அணியின் வேனுக்குள் எறிந்துவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தான். கோப்பையோடு ஏறிக்கொண்டிருந்த பையன்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். இப்போது எல்லாருக்கும் அவளை அடையாளம் தெரிந்துவிட்டது.

"ஏறுங்கத்தே! நம்ம ஊருக்குப் போவோம்!"

"எந்த ஊருக்கு?" என்றாள் அவள். "அந்த ஸ்டூலை எடுடா."

எடுத்துக் கொடுத்தார்கள். அதை இடுப்பில் வைத்துக்கொண்டு கரையேறினாள்.

வீட்டுக்கு வந்து நான் முகம் கழுவிக்கொண்டு மாடியிலிருந்து பார்த்தபோது, எதிர் வீட்டு இரும்புக் கதவு சாத்தியிருந்தது. அவன் தன் பட்டறையிலேயே அடித்த கதவு, நல்ல கனம். அவள் அதன் முன்னால் தெருவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். கண்மாயிலிருந்து திரும்புகிறவர்கள் எல்லாரும் அந்தத் தெரு வழியாகத்தான் போக வேண்டும். மைக் பையன் வண்டியை நிறுத்தினான்.

"என்னக்கா, கப்பு ஒங்க ஊருக்குப் போயிருச்சு. நீ போகலையா?"

"கப்புக்கு வேன்ல எடம் இருந்துச்சு தம்பி. எனக்கு இல்ல."

அதற்குள் என் வீட்டு வாசலிலும் நாலைந்து பேர் நின்று, நான் கேட்கட்டும் என்றே பேச ஆரம்பித்திருந்தார்கள். பெரிய மனுஷனாம், ஊரைக் காட்டிக் கொடுத்துட்டாராம். "அந்தம்மா அண்ணே அண்ணேன்னு கூப்பிட்டப்பவே நமக்குத் தெரிஞ்சிருக்கணும்ப்பா. ரெண்டு பேரும் ஒரே ஊரு!" என்றான் ஒருவன். அந்தப் பட்டம் பிறந்தது அப்போதுதான். அவர்கள் நகரும்வரை பொறுத்திருந்துவிட்டு, நான் இறங்கித் தெருவைக் கடந்து போனேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "என்னண்ணே, எம்புட்டு நேரமா உக்காந்திருக்கேன்னு எண்ணிட்டு வந்தீகளா?"

நாற்பது நிமிஷம் என்று வாய் வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

"நாலுன்னு எதுக்குக் கத்துன? போட்டது அஞ்சு. ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணக் கூடவா தெரியாது? ஒன்னாலதான் ஊரே என்னையப் பேசுது."

அவள் தெருக்கோடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மகன் மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துகொண்டிருந்தான். வந்தவன் எங்கள் இரண்டு பேரையும் பார்க்காமல் போய்க் கதவைத் தட்டினான்.

"அப்பா, கதவைத் தொறங்க."

"அவளை அவ ஊருக்குப் போகச் சொல்லு" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

பையன் நெற்றியைக் கதவில் சாய்த்துக்கொண்டான். "போட்டது நான்ப்பா. அஞ்சுதான் போட்டேன். எனக்குத் தெரியும்."

அவன் அவ்வளவு பேசி நான் கேட்டது அன்றுதான். உள்ளிருந்து குரல் கேட்டது. "தெரிஞ்சுக்கிட்டு எதுக்குடா சும்மா நின்ன?"

கொஞ்ச நேரம் கழித்துத் தாழ்ப்பாள் விலகியது.

அவள் எழுந்தாள். புடவையைத் தட்டிக்கொண்டாள். ஸ்டூலை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு காலை உள்ளே வைத்தவள், நான் கேட்டது அப்போதுதான் ஞாபகம் வந்ததுபோலத் திரும்பினாள்.

"அஞ்சுன்னு நான் கத்தியிருந்தா நீங்க வாயத் தொறந்திருப்பீகளா, மச்சான்?"

கதவு சாத்திக்கொண்டது.

திறந்திருப்பேன் என்று அந்தக் கதவைப் பார்த்துச் சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன்.